தோட்டாப் பஞ்சமும் காலிக் கூடுகளும்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஏரிப் பாய்ச்சல் நிலங்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் மணிலாக்கொட்டையும் பயிராகின்றன. காய் பிடிக்கும் தருவாயில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று கொல்லையில் இறங்கிவிடுமாயின், குடியானவன் சங்கத்தில் பெற்ற கடனுக்கு ஈடாக நம்பியிருந்த மகசூல் ஒரே இரவில் பாழாகும். இது பற்றியே பயிர்க்காவலுக்கெனச் சிலர் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பது வழக்கமாயிற்று. ஆனால் தோட்டா இல்லாத துப்பாக்கி உலக்கைக்கும் உதவாது. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் ஆலைகள் பெரும்பாலும் படைகளுக்கே உழைத்தபடியால், குடிகளுக்குத் தோட்டா கிடைப்பது அருமையாயிற்று. அத்தகைய காலங்களில், சுட்ட பின் கீழே விழும் காலிக் கூட்டை மறுபடி நிரப்பினால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

தோட்டாவில் ஐந்து அங்கங்கள் உண்டு: பித்தளை அடியுடன் கூடிய காகித அல்லது பிளாஸ்டிக் கூடு, அடியின் நடுவே பொருந்திய கேப்பு, அதன்மேல் மருந்து, மருந்தை மூடும் தக்கை, கடைசியாக ஈய ரவை. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தாக்கியதும் நெருப்புப் பொறி மருந்தைப் பற்றவைக்கும். மருந்து நொடியில் வாயுவாக மாறி ரவையைத் தள்ளும். ஐந்தில் அழியாமல் மிஞ்சுவது கூடு ஒன்றே. ஆகையால் மற்ற நான்கையும் வாங்கி வைத்தால் போதும் என்று தோன்றும். தோன்றுவதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம்தான் இங்கே விரலையும் கண்ணையும் கொள்ளை கொள்வது.

முதலாவது, மருந்து ஒரு தன்மையானதன்று. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து பழையது. 1884ஆம் வருஷம் பிரான்சில் பால் வியேய் என்பவர் கண்டறிந்த புகையில்லா மருந்து, பஞ்சு போன்ற நார்ப்பொருளை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்யப்படுவது. ஒரே அளவுக் கரண்டியால் இரண்டையும் அளந்தால், பின்னது தரும் அழுத்தம் பன்மடங்கு மிகும். கருமருந்துக்கெனச் செய்த பழைய குழல்கள் அதைத் தாங்காமல் வெடித்துவிடும்.

இரண்டாவது, கூடு வெளிப்பார்வைக்கு முழுமையாயிருப்பினும் உள்ளே நொய்ந்திருக்கும். காகிதக் கூடு ஈரத்தில் ஊதும். வாய் நைந்து மடியும். பித்தளையின் கதையோ விசித்திரமானது. பழைய கேப்புகளில் பாதரசக் கலவை இருந்தது; அது வெடிக்கையில் பாதரசம் பித்தளையுள் ஊறி, உலோகத்தை நொறுங்கும் தன்மையாக்கிற்று. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. அடுத்த வேட்டில் அடி பிளந்து வாயு சுடுபவர் முகத்தின் மேல் பாயும்.

மூன்றாவது அபாயம் எல்லாவற்றிலும் கொடியது. மருந்து குறைந்துவிட்டால் மெல்லிய ஓசை எழும். தக்கையும் ரவையும் குழலின் நடுவே தங்கிவிடும். தோட்டா சரியாகப் பற்றவில்லை என்று நினைத்து மற்றொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்து பிடித்த கை போய்விடும். வேட்டுச் சத்தம் வழக்கத்துக்கு மாறாயிருப்பின் அத்துடன் நிறுத்த வேண்டும். கேப்பு அடிபட்டும் வெடிக்கவில்லையானால், குழலை ஆளில்லாத் திசையில் பிடித்துச் சற்றுப் பொறுத்தே திறக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

மறுநிரப்பு என்பதே ஆகாத காரியமா? அன்று. 1914ஆம் வருஷத்து யுத்தத்தில் பிரிட்டிஷார் பீரங்கிகளின் பித்தளைக் கூடுகளைப் போர்க்களத்திலிருந்து திரட்டி ஆலைக்கு அனுப்பி, பரிசோதித்து, மறுபடி நிரப்பினர். எத்தனை முறை நிரப்பப்பட்டதென அடியில் குறி பொறித்தனர். 1915இல் குண்டுப் பஞ்சம் அந்நாட்டு மந்திரிசபையையே அசைத்தது. தளவாடங்களுக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. கார்டைட் என்னும் மருந்து நம் மாகாணத்து நீலகிரியில் அருவங்காட்டில் செய்யப்பட்டு வந்தது. ஆனால் அங்கெல்லாம் நுண்ணிய தராசும், அளவுகோலும், பயின்ற ஆட்களும் இருந்தன. குடிசைத் திண்ணையில் அவை ஏது?

சட்டமும் இடந்தராது. 1878ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், தோட்டா செய்வதற்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அனுமதி, கூட்டை நிரப்பும் அனுமதியும் ஆகும் என எவரும் கருதலாகாது. பன்றியைச் சுடுவதும் குடியானவன் தன் இஷ்டப்படி செய்யக்கூடியதன்று. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு 2025இல் தமிழ்நாட்டு அரசு வழி செய்தது. ஆகவே சங்கத்தார் தோட்டா தேடி அலைவதைக் காட்டிலும், சேதமான கொல்லைகளின் விவரத்தைச் சேர்த்தெழுதி வனச்சரக அலுவலகத்துக்கு விண்ணப்பம் செய்வதே பயன் தரும். பலர் நிலம் அடுத்தடுத்து இருக்குமிடத்தில் பொதுவாக ஒரு முள்வேலியும், இராக்காவலுக்கு முறை வைத்துக்கொள்வதும், தனித்தனியே செய்வதைவிடச் செலவில் குறைந்தன.

பழந்தோட்டாக்கள் வீட்டிலிருப்பின் அடுப்பங்கரையிலோ வெயிலிலோ உலர்த்தலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் விடலாகாது. ஈரம் ஏறியவற்றை உரிமம் பெற்ற கடைக்காரரிடமோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.