ஆலங்கட்டி எவ்வளவு பெரிசு?

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவைக்கு நாடு முழுக்க 122 முன்னறிவிப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில், நான் வானிலையியல் படித்த துறை இருக்கும் அதே கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே தன்னார்வலராக இருந்தேன் என்றதும் பலரும் கேட்பது: "அப்போ புயல் வருதுன்னு நீங்கதான் சொல்வீங்களா?" இல்லைங்க. எச்சரிக்கை வெளியிடுவது அலுவலர்களின் பொறுப்பு. புயல் நாட்களில் என் கையில் இருந்தது டெலிபோன்.

ரேடார் இருக்கும்போது டெலிபோன் எதுக்கு? ரேடாரின் கீழ்மட்டக் கற்றை வழக்கமாக அரை டிகிரி மேல்நோக்கிப் போகும். பூமியோ வளைந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கற்றை தரைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் ஆலங்கட்டி இருப்பதை ரேடார் காட்டிவிடும். விழும் வழியில் எவ்வளவு உருகியது, தரைக்கு எந்த அளவில் வந்தது என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குக் கண்ணால் பார்த்த ஆள் வேண்டும்.

அளவுதான் இங்கே விஷயமே. 1 அங்குல ஆலங்கட்டி, அல்லது மணிக்கு 58 மைல் காற்று இருந்தால்தான் அது 'கடும் இடிப்புயல்'. ஆலங்கட்டிக்கான இந்த வரம்பு முன்பு முக்கால் அங்குலம். 2010-இல் நாடு முழுக்க உயர்த்தினார்கள். எச்சரிக்கை கொடுத்த இடத்தில், கொடுத்த நேரத்துக்குள், அந்த அளவுக்கு ஒரு தகவல்கூட வரவில்லை என்றால் அது பொய் எச்சரிக்கையாகக் கணக்கில் ஏறும். நிஜமாகவே கல் கொட்டியிருக்கலாம். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் அதைப் பார்த்தது மாடுகள் மட்டும்தான் என்றால்?

அதனால் புயல் கடந்த வழியில் உள்ள கடை, பெட்ரோல் பங்க், தீயணைப்பு நிலையம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். "கோல்ஃப் பந்து சைஸ் இருந்துச்சா?" என்று கேட்டால் பாதிப் பேர் "ஆமா" என்பார்கள். "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு: எந்த நாணயம் அளவு? ஸ்கேல் வைத்து அளந்தீர்களா? கடிகாரத்தில் மணி என்ன? குவார்ட்டர் நாணயம் என்றால் சுமார் 1 அங்குலம். கோல்ஃப் பந்து என்றால் ஒன்றே முக்கால்.

அந்தப் பதில் உடனே முன்னறிவிப்பாளர் மேசைக்குப் போகும். புயல் அடுத்து போகிற ஊருக்கு எச்சரிக்கையை இன்னும் கடுமையாக எழுதலாமா என்று அவர் முடிவெடுக்க அது உதவும். பிறகு அதே தகவல் நாட்டின் புயல் பதிவேட்டில் சேரும். ஆய்வாளர்கள் பல வருஷம் கழித்தும் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

இதில்தான் ஒரு சிக்கல். ஆள் இருக்கும் இடத்திலிருந்துதான் தகவல் வரும். ஆகவே இந்தப் பதிவுகளை வைத்து வரைந்த ஆலங்கட்டி வரைபடத்தில் மக்கள்தொகையும் நெடுஞ்சாலையும் சேர்ந்தே தெரியும். காலியாக இருக்கும் பகுதியைப் பார்த்து 'இங்கே கல் விழுவதில்லை' என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது: அங்கே போனை எடுக்க யார் இருக்காங்க?