முயலைக் காப்போர் கடமை

குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கலேவெல. வயலும் குளமும் சேனைப் பயிரும் சூழ்ந்த இப்பகுதியில் நிலவொளியில் துள்ளியோடும் காட்டு முயலைக் காணாத உழவர் அரியர். பசித்து வந்த விருந்தினனுக்குத் தன் உடலையே உணவாக்க முன்வந்த முயலின் வடிவம் சந்திரனில் பொறிக்கப்பட்டது என்று புத்த சாதகக் கதை கூறும். சந்திரனுக்குச் சசி என்னும் பெயர் வந்ததும், சசம் எனப்படும் முயலை அவன் தாங்கியிருப்பதாகக் கருதப்பட்டமையாலேயே. இவ்வளவு அன்புடன் நோக்கப்படும் இப்பிராணி, அன்பினாலேயே சில வேளைகளில் அழிவது வியப்பிற்குரியது.

இதற்கு ஒரு காரணம் மொழியிலேயே உண்டு. தமிழில் முயல் என்னும் ஒரே சொல் இருவேறு பிராணிகளைக் குறிக்கின்றது. சேனையில் திரிவது கழுத்தின் பின்புறம் கருமை படர்ந்த காட்டு முயல். கூட்டில் வளர்க்கப்படுவது, ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகள் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் தோன்றிய குழிமுயலின் வழிவந்தது. குழிமுயலின் குட்டி உரோமமின்றியும் கண் திறவாமலும் பிறக்கும். தாய் அமைத்த மெத்தென்ற கூடு இல்லையேல் அது பிழையாது. காட்டு முயலின் குட்டியோ உரோமம் போர்த்து, கண் விழித்தே பிறக்கும். அதற்குக் குழியும் இல்லை, கூடும் இல்லை. புல் மறைவில் அசையாது கிடப்பதே அதன் பாதுகாப்பு.

புல் வெட்டும்போதோ சேனை துப்புரவு செய்யும்போதோ இத்தகைய குட்டி கண்ணிற் படுவதுண்டு. அருகே தாயைக் காணாமையால், ‘ஐயோ, அநாதை’ என்று சிறுவர் அதனை வீட்டிற்குக் கொண்டு செல்வர், பசுப்பாலும் ஊட்டுவர். அப்பால் அதன் வயிற்றுக்கு ஒவ்வாது. பெரும்பாலும் சில நாட்களில் குட்டி இறந்துவிடும். உண்மையில் அஃது அநாதையன்று. தாய் நாள் முழுதும் உடனிருப்பின் அதன் வாசனை பகைவிலங்குகளுக்கு வழிகாட்டும். ஆதலின் அது விலகியிருந்து, இருள் சூழ்ந்த பின் வந்து சிறிது நேரமே பாலூட்டிச் செல்லும். எனவே காயமில்லாத குட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, நாயையும் பூனையையும் அப்பக்கம் வராது தடுப்பதே முதற்றொண்டு. நாய் கடித்தோ கருவி பட்டோ காயமுற்றிருப்பின், அதனை இருளான பெட்டியிலிட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினர்க்கோ மிருக வைத்தியர்க்கோ உடன் அறிவித்தல் வேண்டும்.

வளர்ப்பு முயலின் துன்பம் வேறு வகையானது. குழந்தைகளின் விருப்பத்திற்காக ஒரு சோடி வாங்கப்படுகின்றது. கருக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஈன்ற அன்றே பெண்முயல் மீண்டும் கருவுறவும் கூடும். சில மாதங்களில் கூடு நிறைகின்றது, விருப்பம் குறைகின்றது. ‘காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்’ என்ற எண்ணம் எழுகின்றது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்த பிராணி, நாய்க்கும் கீரிக்கும் இரையாவதே இதன் முடிவாகும். அவ்வாறன்றி அது பிழைத்துப் பெருகினாலும் தீங்கே. 1859ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் ஏறத்தாழ 24 முயல்களை வரவழைத்து வேட்டைக்காக விட்டார். அவற்றின் சந்ததி அக்கண்டத்தின் பெரும் பகுதியில் பரவிப் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் பாழாக்கியது.

கைவிடப்படும் வளர்ப்பு முயல்களுக்கெனவே 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘ஹவுஸ் ரபிட் சொசைற்றி’ என்னும் சங்கம் தோன்றியது. முயல்களை மீட்டு, கருத்தடை செய்து, தகுதியுடைய இல்லங்களில் சேர்ப்பித்தல் அதன் பணி. சென்னையில் கப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959ஆம் ஆண்டு தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கமும் பலவகைப் பிராணிகளுக்குப் புகலிடமாய் விளங்குகின்றது. இத்தகைய காப்பகங்கள் தொண்டர்களின் கைகளாலேயே இயங்குகின்றன.

அத்தொண்டு, முயலை மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பது என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். காலையில் தொண்டர் முதலில் நோக்க வேண்டியது முயலின் முகத்தையன்று, அதன் புழுக்கையை! முயலின் குடல் இடையறாது இயங்க வேண்டியது. 12 மணி நேரம் அஃது உண்ணாதிருப்பின் உயிருக்கே ஆபத்து நேரலாம். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ அதுவே நோயின் முதலறிகுறி. முயல் தன் நோவை மறைக்கும் இயல்புடையது. ஆதலின் தொண்டர் குறித்துவைக்கும் சிறு குறிப்பே மிருக வைத்தியர்க்கு வழிகாட்டியாகும்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. அவை தேய்வதற்கும் குடல் இயங்குவதற்கும் புல்லும் உலர்ந்த வைக்கோற்புல்லுமே முதன்மையான உணவு. படங்களிற் காணும் கரட் கிழங்கு சிறிதளவே தகும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமை. பின்னங்கால்களைத் தாங்காது தூக்கினால், அது திமிறி உதைக்கும்போது முதுகெலும்பே முறியக்கூடும். வெப்பத்தையும் அது தாங்காது. கலேவெல போன்ற வெப்பமான ஊர்களில் நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த நீரும் உணவுக்கு நிகரான தேவைகளாம்.

தொண்டரின் கடினமான பணி இன்னும் ஒன்றுண்டு: மறுத்தல். ஆவலோடு வரும் குடும்பத்திடம், முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்று விளக்க வேண்டும். அத்துணைக் காலம் பேண இயலாதெனின், குழந்தை அழுதாலும் கொடாதிருத்தல் வேண்டும்.

உடவளவையில் 1995ஆம் ஆண்டு நிறுவப்பட்ட யானைக் குட்டிகளின் இடைக்காலக் காப்பகத்தில், தாயை இழந்த குட்டிகள் மனிதரோடு அதிகம் பழகாதவாறு பாலூட்டி வளர்க்கப்பட்டு, பின்னர்க் காட்டில் விடப்படுகின்றன. யானைக்காயினும் முயலுக்காயினும் நெறி ஒன்றே. காட்டுக்குரியதைக் காட்டிற்கும், வீட்டுக்குரியதைத் தகுந்த வீட்டிற்கும் அனுப்புவதே காப்பகத்தின் வெற்றி. சேனை ஓரத்தில் முயற்குட்டியைக் கண்ட சிறுவன், அதை எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தன் நாயை அழைத்துக்கொண்டு அப்பாற் செல்வானாயின், அவனும் ஒரு தொண்டனே. அன்றிரவு தாய் திரும்பி வரும்போது குட்டி அங்கே இருக்கும்.