காலண்டரில் வாழும் கலைஞர்

ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரண்மனைகளும் அருங்காட்சியகங்களுமே. ஆனால் நம் பகுதி மக்கள் நாள்தோறும் கண்விழித்துப் பார்த்த ஓவியங்கள் அங்கே இல்லை. அவை வீட்டுச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கின. ஆண்டு பிறக்கும்போது தென்காசிக் கடைத்தெருவின் மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் கொடுக்கும் காலண்டர்ப் படங்களைத்தான் சொல்கிறோம். இப்படங்களுக்கு ஒரு தனிப் பாணியை வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு ஆவார்.

1898-இல் பிறந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். இளமையில் துறவு மனம் கொண்டு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் வாழ்ந்தார். பின்பு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரையும் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் செல்லும். அரண்மனை, நந்தவனம், காடு, கடைவீதி என ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஒரு பெரிய திரை தொங்கும். தட்டையான துணியிலே தொலைவும் ஆழமும் தெரியும்படி வரைவது எளிதான வேலையன்று. 1940-களில் நாடகத் தொழில் நலிந்தபோது, அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். சீடர்களுடன் சேர்ந்து அங்கே 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' என்னும் நிலையம் உருவாயிற்று. புகைப்படம் எடுப்பதும், எடுத்த படத்தைத் தூரிகையால் மெருகூட்டுவதும், ஓவியம் தீட்டுவதும் அங்கே ஒரே கூரையின்கீழ் நடந்தன.

இதே காலத்தில் அருகிலுள்ள சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்து வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்ட ஊர், காலண்டரும் அச்சிடத் தொடங்கியது. ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அவ்வூர் வழக்கம். வியாபாரிகள் அதைப் புரட்டிப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். படத்தின் கீழே கடையின் பெயரும் விலாசமும் ஏறும். அந்த அச்சகங்களுக்குப் படம் தேவைப்பட்டது; கோவில்பட்டியில் கலைஞர்கள் இருந்தார்கள். 1950-களிலிருந்து கொண்டையராஜுவின் லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் மீனாட்சியும் வீடுதோறும் சென்று சேர்ந்தனர்.

அவருடைய பாணியின் சிறப்பு என்ன? அவருக்கு முன்பே கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848–1906) தெய்வங்களுக்கு மனித உடலும் சேலையின் மடிப்பும் கொடுத்து வரைந்திருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி அவற்றைப் பரப்பவும் செய்தார். கொண்டையராஜு அந்த உயிர்த்தன்மையை ஏற்றுக்கொண்டார். அதனுடன் தஞ்சாவூர் ஓவியத்தின் நகையழகையும், நேர்முகமாக அமரும் அமைப்பையும் சேர்த்தார். பின்னணியில் தெரியும் ஏரியும் மலையும் வானமும் நாடகத் திரை அவருக்குக் கற்றுத்தந்தவை. முகத்தின் மென்மையான ஒளியும் நிழலும் புகைப்பட நிலையம் தந்த பயிற்சி.

ரவிவர்மாவின் படங்களில் பலவற்றை நாம் ஒரு கதையின் காட்சியைப் போலப் பார்க்கிறோம். கொண்டையராஜுவின் படத்திலோ தெய்வம் நம்மைப் பார்க்கிறது. படத்தின் நடுவே அமர்ந்து, விழிகளை நேராக நம்மீது வைக்கிறது. வணங்குவதற்கென்றே வரைந்த படமாதலால் இந்த அமைப்பு. ஆகவேதான் டிசம்பரில் தேதிகள் தீர்ந்தாலும் பலர் படத்தை எறிவதில்லை; வெட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசையறையில் வைத்தார்கள்.

அவர் தம் கலையைத் தமக்குள் பூட்டி வைக்கவுமில்லை. டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரிடம் பயின்று புகழ் பெற்றனர். சில படங்களில் ஆசிரியர் பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே காணப்படும். 1976-இல் அவர் மறைந்த பின்னும் அப்பாணி தொடர்ந்தது.

இத்தகைய படங்களைக் 'காலண்டர் படம்' என்று இகழ்ச்சியாகச் சொல்வோர் உண்டு. விலையின்றிக் கிடைப்பதாலும், ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் அச்சாவதாலும் அது கலையாகாது என்பது அவர்கள் எண்ணம். மெக்சிகோ நாட்டு வரலாறு இதற்கு நல்ல விடையளிக்கிறது. அங்கே ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) என்பவர் தெருவில் மலிவாக விற்கும் தாள்களுக்குப் படம் செதுக்கினார். வறுமையிலேயே இறந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா அவரைத் தம் முன்னோடியாகப் போற்றி, 1947-இல் தீட்டிய பெரிய சுவரோவியத்தின் நடுப்பகுதியில் அவர் உருவத்தையும் வரைந்தார். மலிவான தாள் என்பதற்காகக் கலை மலிவாகிவிடுவதில்லை என்பதை அந்நாடு உணர்ந்தது.

நம் ஊரிலும் எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. குற்றாலத்துச் சித்திரசபை ஐந்து சபைகளுள் ஒன்று. அங்கே நடராசர் சிலையாக அன்றி ஓவியமாகவே விளங்குகிறார். சீசனுக்கு அருவியில் நீராட வருவோரில் சிலரேனும் அதையும் கண்டு வியக்கிறார்கள். ஆனால் சுவரில் அவற்றைத் தீட்டிய கைகள் யாருடையவை என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? நம் இல்லங்களில் நாம் விளக்கேற்றும் திருஇருதயப் படமும் யாரோ ஒரு கலைஞரின் கைவண்ணமே. பக்தி பெருகும்போது கலைஞரின் பெயர் மறைந்துவிடுகிறது. அது அவர் கலையின் வெற்றி என்றும் சொல்லலாம். ஆனால் அவரை மறந்துவிட அது ஒரு காரணமாகாது.

இன்று தேதி பார்க்கக் கைப்பேசி போதும். பழைய காலண்டர்களோ மங்கியும் கரையான் அரித்தும் அழிந்து வருகின்றன. அன்புத் தோழியரே, பாட்டி வீட்டிலோ பழைய கடையிலோ சட்டமிட்ட பழம்படம் ஒன்றைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். விழியைப் பாருங்கள், நகையைப் பாருங்கள், பின்னணியிலுள்ள ஏரியைப் பாருங்கள். பிறகு அதன் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் உள்ள பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு கலைஞருக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அதுவே.