மாறும் எண்ணும் மாறா அடையாளமும்

கப்பல் கைமாறினாற் பெயர் மாறலாம்; கொடியும் மாறலாம். அதற்கு ஒருமுறை அளிக்கப்பெற்ற ஏழு இலக்க எண் மட்டும் மாறுவதில்லை. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 1987இல் வகுத்து, 1996 முதற் கட்டாயமாக்கிய இம்முறையால், திருகோணமலைத் துறைமுகத்துள் நுழையும் பெருங்கப்பல் இன்னதென ஐயமின்றி அறியலாம்.

சிறு கலங்களிற் கணினியோடு இணைக்கப்படும் கருவிகளுக்கோ இவ்வுறுதி தானாக வாய்ப்பதில்லை. இடங்காட்டும் ஜி.பி.எஸ்., ஆழமளக்கும் எதிரொலிமானி, அயற்கப்பல்களை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். ஆகிய மூன்றும் மும்மூன்று யு.எஸ்.பி. மாற்றிகள் வழியே அன்று, ஆளுக்கொன்றின் வழியே செய்தி அனுப்புகின்றன எனக் கொள்வோம். லினக்ஸ் கணினி அம்மாற்றிகளைக் கண்ட வரிசைப்படியே 0, 1, 2 என எண்ணிடும். மின்சாரம் நின்று மீண்டால் வரிசை மாறக்கூடும். அப்பொழுது விநாடிக்கு 4800 பிட் வேகத்தில் ஜி.பி.எஸ். செய்தியை எதிர்பார்த்திருக்கும் செயலிக்கு, 38400 வேகத்தில் ஏ.ஐ.எஸ். செய்தி வந்து சேரும். பொருளற்ற எழுத்துகளே மிஞ்சும். ஆழமும் திரையில் தோன்றாது. கொட்டியாரக் குடாவிலோ கடலடி கரைக்கு அண்மையிலேயே பெரும் பள்ளத்தாக்காய் இறங்குகிறது. கண்ணால் மதிக்கத்தக்க ஆழமன்று அது.

கப்பலுக்குச் செய்ததையே மாற்றிக்கும் செய்யலாம். தரமான மாற்றிகள் பலவற்றுள் தனித்தொடர் எண் பதிந்திருக்கும். அதனைக் குறித்து ‘யூடெவ்’ விதியொன்று எழுதினால், எவ்வரிசையில் விழித்தாலும் ஒரே பெயர் நிலைக்கும். விண்டோசும் அவ்வெண்ணைக் கொண்டே ‘காம்’ எண்ணை நினைவிற் கொள்ளும்.

மலிவான சி.எச். 340 வகையிற் பெரும்பாலும் அவ்வெண் இராது. அவை மச்சமில்லா இரட்டையர். அவற்றைச் செருகிய துளையைக் கொண்டே அடையாளங் காணவேண்டும். ஆகவே துளைதோறும் பெயர்ச்சீட்டு ஒட்டுக. துடைக்கக் கழற்றிய கம்பியை அதே துளையிற் செருகுக.