மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்: உரச் செலவு குறைய ஒரு வழி



நமதூரைச் சுற்றி நெல், உளுந்து, வாழை பயிரிடும் குடும்பங்களுக்கு உரச் செலவு பெரும் சுமை. குத்தகை நிலம் என்றால் சொல்லவே வேண்டாம். யூரியாவைக் கூடுதலாகப் போட்டால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆனால் தண்டு மெலிந்து சாயும், பூச்சியும் சேரும். பணமும் போய், மகசூலும் போகும்.

காற்றில் 78 விழுக்காடு தழைச்சத்து இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. எடுத்துக் கொடுக்கும் வேலையை அல்லாஹ் மண்ணிலுள்ள சிறு உயிர்களிடம் விட்டிருக்கிறான். ரைசோபியம் உளுந்து, பாசிப்பயறு வேர்களில் முடிச்சு கட்டி வாழ்கிறது. அசோஸ்பைரில்லம் நெல், வாழை வேர்களை ஒட்டி வாழ்கிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருகிறது.

உளுந்து விதைப்பவர்கள் ஒரு ஹெக்டேர் (இரண்டரை ஏக்கர்) விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூச வேண்டும். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு செடியை மெதுவாகத் தோண்டி, வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது.

நெல் நடவுக்கு முன் ஒரு ஹெக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லத்தை 25 கிலோ மக்கிய தொழு உரம், 25 கிலோ மணலுடன் கலந்து தூவலாம். வேரழுகல், வாடல் போன்ற நோய்களைத் தடுக்க விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும்.

கவனிக்க வேண்டியவை:

பூஞ்சாண மருந்து கலந்த விதையில் உயிர் உரத்தை உடனே சேர்த்தால் நுண்ணுயிர் செத்துவிடும். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். யூரியாவுடனும் சாம்பலுடனும் கலக்காதீர்கள். பாக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். மக்கிய எரு இல்லாத வெறும் மணலில் நுண்ணுயிர் நிலைக்காது. உப்புத் தண்ணீர் பாயும் நிலமென்றால் முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனை முடிவைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள்.

பஞ்சகவ்யத்தில் மாட்டுச் சிறுநீர் சேர்வதால் சிலருக்குத் தயக்கம் உண்டு. அதன் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன உயிர் உரங்களுக்கு அது தேவையில்லை.

இவை வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைக்கும். ஆலோசனைக்கு வல்லநாடு அருகே கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம். வீட்டு மாடியில் தொட்டிச் செடி வளர்க்கும் தாய்மார்களும் மக்கிய உரத்தோடு ஒரு கரண்டி கலந்து பயன்படுத்தலாம்.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஸதக்காவை விளைவிக்கும் மண்ணைக் கெடாமல் காப்பதும் நம் பொறுப்பே. வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

செயலாளர்