யார் படியெடுக்கிறார்கள்?
(ஆவணம், அழிவு, டிஜிட்டல் குறித்துச் சில குறிப்புகள்)

'எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சு, இனி அழிவே கிடையாது' என்கிற பேச்சு நம் வட்டாரங்களில் கொஞ்ச காலமாகப் புழங்கி வருகிறது. சிற்றிதழ்க்காரர்கள் சொல்கிறார்கள், இயக்க நண்பர்கள் சொல்கிறார்கள், பழைய புத்தகக் கடைக்காரர்கூடச் சொல்கிறார். இந்த நம்பிக்கை எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆவணம் என்றதும் நம் மனதில் எழும் பிம்பம் காகிதத்தினுடையது: ஒரு கட்டு, ஓர் அலமாரி, ஒரு பூட்டு. பூச்சி அரிக்காமல் நனையாமல் வைத்துவிட்டால் சும்மா கிடந்தே நூறு வருஷத்தைத் தள்ளிவிடும். டிஜிட்டல் கோப்புக்கு இப்படிச் சும்மா கிடந்து பிழைக்கத் தெரியாது. பிழைக்கும் முறையில் அது காகிதத்தைவிட ஓலைச்சுவடிக்கே நெருங்கிய சொந்தம்.

நம் தட்பவெப்பத்தில் ஓலையின் ஆயுள் அதிகம் போனால் சில நூறு ஆண்டுகள். ஒரு ஓலை மட்கும் முன் யாரோ ஒருவர் அதைப் புது ஓலையில் எழுதினார், அது மட்கும் முன் இன்னொருவர். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது இப்படித்தான். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சா. பிடித்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை. ஆனால் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொன்ன கதை வேறு. கரையான் தின்றது, தீ தின்றது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிற்று. பழியை இயற்கையின் தலையிலும் அறியாமையின் தலையிலும் கட்டிவிடுகிற சௌகரியமான கதையாடல் இது. கரையானுக்குச் சமயம் தெரியாது, எல்லா ஓலையையும் ஒரே மாதிரிதான் தின்னும். பிறகு எப்படிச் சிந்தாமணி முழுசாக நின்றது, குண்டலகேசி போயிற்று? சிந்தாமணியைப் பாராயணம் செய்கிற சமணக் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கும்பகோணத்தில் இருந்தன. உ.வே.சா. சந்தேகம் கேட்கப் போனதும் அவர்களிடம்தான். பௌத்தர்கள் இல்லாமல் ஆக்கப்பட்ட ஒரு நாட்டில் குண்டலகேசியை யார் உட்கார்ந்து படியெடுப்பார்கள்? (மணிமேகலை தப்பியதே என்று கேட்கலாம். சிலம்போடு சேர்த்து இரட்டைக் காப்பியமாக வாசிக்கப்பட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.) இன்று குண்டலகேசியில் கிடைப்பவை பத்தொன்பது பாடல்கள். அந்த நூல் என்ன வாதிட்டது என்று நாம் பெரும்பாலும் அறிவது அதை மறுக்கவென்றே எழுந்த நீலகேசியின் வழியாக, அதாவது எதிராளியின் வாய்வழியாக.

காலனிய ஆவணங்களில் விவசாயக் கிளர்ச்சிகளைத் தேடிப்போன ரணஜித் குஹா 1983-இல் எழுதிய கட்டுரையில் கண்டதும் இதுதான். கலகக்காரனின் குரல் அவனை ஒடுக்கியவனின் அறிக்கைக்குள்தான் சிக்கிக் கிடக்கிறது. மௌனம் வரலாற்றுக்குள் பின்னால் வந்து சேர்வதில்லை, தடயம் உருவாகும்போதும் அது காப்பகத்தில் சேரும்போதுமே புகுந்துவிடுகிறது என்று ஹைத்தியைச் சேர்ந்த த்ரூயோ 1995-இல் விரித்துச் சொன்னார். காப்பகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வேரில் அதிகாரிகளின் வீடு இருக்கிறது என்று தெரிதா 1994-இல் லண்டனில் ஆற்றிய உரையில் நினைவூட்டினார். நமக்கு கிரேக்கம் வரை போக வேண்டிய அவசியமில்லை. ஊர்க்கணக்கு யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று கேட்டால் போதும்.

அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, பிறகு 'தமிழன்' ஆகி, 1914-இல் அவர் மறையும்வரை அவர் நடத்திய இதழ் அது. பௌத்தம், சாதியின் தோற்றம், இலக்கியம், மருத்துவம், அன்றாட அரசியல் என்று அவர் கைவைக்காத துறை இல்லை. ஆனால் நம் இலக்கிய வரலாறுகளும் இதழியல் வரலாறுகளும் பல பத்தாண்டுகள் அவர் இல்லாமலேயே நிம்மதியாக எழுதப்பட்டன. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்த பிறகுதான் தமிழ் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்ற தலித் செயல்பாட்டாளர்கள் அந்த இதழ்களைத் தம் பொறுப்பில் வைத்துக் காத்தார்கள். ஒரு பத்திரிகை எண்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தது சொந்தக்காரர்களின் பிடிவாதத்தால். அந்தத் தாள்களுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, மென்பொருள் தேவைப்படவில்லை. எடைக்குப் போடாத ஒரு வீடு மட்டும் தேவைப்பட்டது.

அதே 'தமிழன்' 1907-க்குப் பதில் 1995-இல் கணினியில் அச்சுக்கோத்து வந்திருந்தால்? ஃபிளாப்பியைச் செருக இன்று பெட்டி இல்லை. எங்காவது பழைய பெட்டி ஒன்றைப் பிடித்துக் கோப்பை வெளியே எடுத்தாலும் அது பேஜ்மேக்கரில் கிடக்கும். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் கதை முடிந்துபோயிற்று. எப்படியோ திறந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தமிழ் வராது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தம் இஷ்டத்துக்குத் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், நம் கண்ணுக்கு மட்டும் தமிழ். பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா'வை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். 1991-இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தாம், தாப் என்று தனியாகத் தரங்கள் வகுத்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட 2010 ஆயிற்று. இந்த இடைவெளியில் நாம் எழுதிக் குவித்தவை கொஞ்சமல்ல. தலித் இலக்கிய எழுச்சி, பெண்ணிய விவாதங்கள், பின்நவீனத்துவச் சண்டைகள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் எல்லாம் அந்த ஆண்டுகளுக்கு உரியவை. இவற்றின் கோப்புகளில் பெரும்பகுதி இன்று எழுத்தாக இல்லை, குறிகளின் குப்பையாக இருக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எந்த எழுத்துரு என்று எழுதி வைத்தவர்தான் இல்லை.

அச்சான பிரதி இருக்கிறதே, ஸ்கேன் செய்தால் ஆயிற்று என்பீர்கள். சரி. ஆனால் ஸ்கேன் என்பது ஒரு படம். அதில் உள்ள சொல்லைக் கணினி அறியாது. எழுத்துணரி மென்பொருள் இப்போது தமிழுக்கும் ஓரளவு வந்துவிட்டது. மங்கிய நியூஸ்பிரிண்டிலும், மை ஊறிய கையெழுத்துப் பிரதியிலும், பழைய றா, ணை வடிவங்களிலும் அது இன்னும் தடுமாறுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் பட்டியல். ஐயாயிரம் படங்கள் எண் மட்டும் போட்டுக் கிடந்தால் அது காப்பகம் ஆகாது, கிடங்கு. எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வெளியிட்டது, யாரிடமிருந்து வந்தது என்கிற நான்கு வரி இல்லாத ஆவணம் இருந்தும் இல்லாததுதான். அந்த நான்கு வரியை எழுதுவது அலுப்பான உழைப்பு. அதற்கு நிதி கிடைக்காது, மேடை கிடைக்காது. பெரும்பாலும் பெண்கள் சொற்பக் கூலிக்குச் செய்கிறார்கள், முன்னுரையில் அவர்கள் பெயர் வராது.

படிகள் ஒரே இடத்தில் இருப்பதன் அபாயத்தைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அந்தத் தீயின் நினைவும் போரின் அழிவும் சேர்ந்தே 2005-இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கும் உந்துதலைத் தந்தன. ஆனால் சர்வருக்கும் தீ உண்டு, புகை மட்டும் வராது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணயம் கேட்கும் கும்பல் ஒன்று முடக்கியது. உலகின் பெரிய நூலகங்களில் ஒன்றின் நூற்பட்டியலே மாதக்கணக்கில் இல்லாமல் போயிற்று. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக அது நடத்தும் திட்டத்தின் இணையதளமும் நெடுநாள் திறக்கவில்லை. தமிழகத்திலிருந்து எடுத்த படிகளும் அங்கே இருந்தன. 'லண்டன்லயே இருக்கு, பத்திரம்' என்று நிம்மதியாக இருந்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்த இடத்தில் பழசு என்று எல்லோரும் ஒதுக்கும் மைக்ரோஃபிலிமுக்கு ஒரு வார்த்தை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் சென்னையில் அதை வைத்து ஆய்வு நூலகம் அமைத்தபோது நூல்களை முதலில் படமெடுத்தது மைக்ரோஃபிலிமில்தான். அதைப் படிக்க ஒரு வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். எந்தக் கம்பெனியும் திவாலாகி அதைப் படிக்க முடியாமல் செய்துவிட முடியாது.

அரசு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, 2022 டிசம்பரில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே பொதுமேடையில் பதில் சொன்னார். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தங்களிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை. துறைகள் ஒப்படைக்கவில்லை. 1993-இலேயே பொது ஆவணச் சட்டம் வந்துவிட்ட நாட்டில் இந்த நிலை. தன் போர்களையே சேமித்து வைக்காத அரசு நம் போராட்டங்களைச் சேமிக்கும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை.

அப்படியானால் யாரிடம் இருக்கின்றன? இன்றைய போராட்டங்களின் ஆவணம் முகம் தெரியாத ஆயிரம் செல்போன்களில் இருக்கிறது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் 13 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச்சூட்டை உலகம் பார்த்ததில் அங்கே நின்றவர்கள் எடுத்த காட்சிகளுக்குப் பெரிய பங்குண்டு. அதைத் தொடர்ந்து மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அந்தக் காட்சிகள் வாட்ஸ்அப்பில் கைமாறும்போது தரம் குறைகிறது, எடுத்த நேரம், இடம் போன்ற உட்குறிப்புகள் கழன்று விழுகின்றன. விசாரணையில் 'இது எங்கே எடுத்தது, யார் எடுத்தது?' என்று கேட்டால் சொல்ல எதுவும் மிஞ்சாது. அதே கோப்பைப் புகைப்படமாகவோ வீடியோவாகவோ அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போகும். சின்ன விஷயம்தான். இணையத்தில் ஏற்றிவிட்டால் தப்பும் என்றும் நினைக்க வேண்டாம். 2017-இல் சிரியப் போர்க்கொடுமைகளைப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான வீடியோக்களை யூடியூபின் தானியங்கி நீக்கியது. இயந்திரத்தின் கண்ணுக்குக் கொடுமையைக் காட்டியவனும் கொடுமை செய்தவனும் ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் திறந்துபோடு என்ற உற்சாகம் எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடு அலமாரியில் இருக்கும்வரை அது நினைவு. பெயர் அடித்தால் ஊர் வந்து விழும்படி அதை இணையத்தில் வைத்தால் அது காவல்துறைக்கு நாமே தயாரித்துக் கொடுத்த பட்டியல். வன்முறைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தை வரலாற்றின் பெயரால் காட்சிக்கு வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சேமிப்பது ஒரு முடிவு, காட்டுவது வேறொரு முடிவு. இரண்டாவதை எடுக்க வேண்டியவர்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்.

படியெடுப்பது இன்றைக்கு என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு, அது பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை. மூன்று படி, குறைந்தது இரண்டு ஊர், ஒன்றாவது கம்பெனிக்காரன் கையில் இல்லாமல் நம் கையில். வன்தட்டு சில ஆண்டுகளில் மக்கர் செய்யும், எனவே வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டி, கெடுவதற்கு முன்பே புதியதற்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அடுத்த வருஷம் மறுபடி கணக்கிட்டு எண் மாறியிருந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம், இன்னொரு படியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த நம் பதிப்பாசிரியர்களுக்கு இது புரியாத வித்தையாக இருந்திருக்காது.

இன்னொன்று. துண்டறிக்கைகளின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சடித்தவனைப் பிடிப்பதற்காகக் காலனிய அரசு 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய வரி அது. தேதி இல்லாத பல நோட்டீஸ்களின் காலத்தையும் இடத்தையும் இன்று நாம் அந்த வரியை வைத்துத்தான் ஊகிக்கிறோம். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை அழகாக்குகிறேன் என்று அதை வெட்டிவிடாதீர்கள்.