அளத்துச் சீசனும் கவுன்சிலிங் சீசனும்

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. ஆறுமுகநேரியைச் சுற்றியிருக்கிற உப்பளங்களில் உப்பு நன்றாக விளைவதும் அந்த வெயிலில்தான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அதனால் பிள்ளையின் காலேஜ் விஷயத்துக்காக ஒரு நாள் அளத்துக்குப் போகாமல் இருப்பதென்றால் பெற்றவர்கள் நிறைய யோசிப்பார்கள். விடியுமுன் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு போனவர்கள், வேலை முடிந்து, காலில் உப்புப் பூத்தபடியே மதியத்துக்குள் என் கடைக்கு வருவார்கள். பஜாரில் ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி எல்லா வருஷமும் ஒன்றுதான்: "எம்மா, பிள்ளைக்கு அண்ணா யுனிவர்சிட்டி கெடைக்குமா?"

அதற்கு உடனே பதில் சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் என்று அவர்கள் சொல்வது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சென்னை வளாகம் ஒன்று. அங்கே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. குரோம்பேட்டையில். இவை நான்கையும் சேர்த்து 1978இல் பல்கலைக்கழகம் ஆனது. அடுத்தது, பல்கலைக்கழகமே வெளியூர்களில் நடத்துகிற கல்லூரிகள். தூத்துக்குடியில் இருக்கிற வ.உ.சி. பொறியியல் கல்லூரி அந்த வகை. மிச்சமெல்லாம் இணைப்புக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியார். டிகிரியில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் கட்டிடமும் வாத்தியார்களும் ஃபீஸும் வேறு. "அண்ணா யுனிவர்சிட்டி சீட் வாங்கித் தாரேன்" என்று யாராவது வீடு தேடி வந்து சொன்னால், மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் கவுன்சிலிங்தான் வழி. இடையில் ஆளுக்கு வேலையே இல்லை.

நான் ப்ளஸ் டூ முடித்தது 2004இல். அப்போது மார்க்கு மட்டும் போதாது, நுழைவுத் தேர்வும் இருந்தது. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. திருச்செந்தூர் லைன் அப்போது மீட்டர் கேஜ். தூத்துக்குடி போய் முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்தோம். அப்பாவுக்கு அதுதான் முதல் சென்னைப் பயணம். பல்கலைக்கழகத்துக்குள் பெரிய கூடம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் பார்த்து வைத்த இடம், நம்மைக் கூப்பிடுவதற்குள் பூஜ்யம் ஆகிவிடும். உள்ளே போனால் சில நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும். அப்பா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இ.சி.இ. எடுத்தேன்.

2006இல் போட்ட சட்டத்தால் நுழைவுத் தேர்வு போயிற்று. 2018இல் கூடமும் போயிற்று, எல்லாம் ஆன்லைன். அடுத்த வருஷத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பதில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கவுன்சிலிங்கை நடத்துகிறது. ரயில் செலவு மிச்சம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் எதிரே உட்கார்ந்து விவரம் சொல்ல ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலையும் சேர்ந்து என்னைப் போன்ற கடைக்காரர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

ரேங்க்குக்கு மார்க் கூட்டுகிற கணக்கு லேசானது. மேத்ஸ் மார்க் அப்படியே நூற்றுக்கு. பிசிக்ஸில் பாதி, கெமிஸ்ட்ரியில் பாதி. மேத்ஸ் 92, பிசிக்ஸ் 84, கெமிஸ்ட்ரி 78 என்றால் 92, 42, 39, ஆக 173. இதை வைத்து மாநிலம் முழுக்க ஒரே ரேங்க் பட்டியல். தமிழும் இங்கிலீஷும் இந்தக் கூட்டலில் கிடையாது. ஒரே மார்க்கில் பலர் நின்றால்தான் மேத்ஸ் மார்க், பத்தாம் வகுப்பு, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் ரேண்டம் நம்பர்.

பணம் என்று பார்த்தால் விண்ணப்பத்துக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. சிரமம் தாள்களில்தான். சாதிச் சான்றிதழ் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே வாங்கியிருப்பார்கள். முதல் பட்டதாரி சான்றிதழைத்தான் எல்லாரும் கடைசியில் நினைப்பார்கள். வீட்டில் யாரும் டிகிரி வாங்கியிருக்கவில்லை என்றால், கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை டியூஷன் ஃபீஸில் குறையும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. மூத்தவன் டிகிரி படித்து முடித்திருந்தால் இளையவளுக்குக் கிடையாது. அளத்துக்குப் போகிற வீடுகளில் 25,000 என்பது மழைக்கால மாதங்களைத் தாண்டுகிற காசு. இ-சேவையில் பதிந்த பிறகு அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொருவராகத் தாண்டி வர வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பரீட்சை முடிந்த கையோடு போடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கம் ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியலுக்கு 2021இலும் வந்தது. அதில் சீட் கிடைத்தால் படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் அரசாங்கமே கட்டும். ஆனால் இந்தக் கடற்கரையில் பாதிப் பள்ளிக்கூடங்கள் மிஷனும் ஊர்ப் பெரியவர்களும் ஆரம்பித்த உதவிபெறும் பள்ளிகள். வாத்தியாருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, சத்துணவு போடுகிறார்கள், புத்தகம் இலவசம். அதனால் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டென்று 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் வைத்துத்தான் விரிவாக்கினார்கள். ஒதுக்கீட்டிலும் அப்படி ஒரு மாற்றம் வரவேண்டும் என்பது என் கட்சி. அளத்துக்குப் போகிறவரின் மகள் எந்தப் பள்ளிக்கூட வாசலில் நுழைந்தாலும் வீட்டு வருமானம் ஒன்றுதானே.

இதையெல்லாம் தாண்டி, பிள்ளைகள் உண்மையிலேயே கோட்டை விடுவது கல்லூரி வரிசை எழுதும்போதுதான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாகப் பட்டியல் கொடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். போன ஜூலையில் ஒரு பெண் எட்டே எட்டு எழுதிக்கொண்டு வந்தாள். முதலில் பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரி. கிண்டியைக் காணவே காணோம்.

"ஏட்டி, கிண்டி ஏன் போடல?"

"கிண்டிய மொதல்ல போட்டு கெடைக்கலன்னா, தூத்துக்குடியும் போயிருமாம்க்கா."

"யாருட்டி சொன்னது?"

பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். கம்ப்யூட்டர் செய்வது இதுதான்: ரேங்க் பட்டியலில் மேலே இருந்து ஒவ்வொருவராக எடுக்கும். உன் முறை வந்ததும் உன் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலாவது நிரம்பிவிட்டால் இரண்டாவது, அதுவும் நிரம்பிவிட்டால் மூன்றாவது. இடம் இருக்கிற முதல் வரியில் நிறுத்திவிடும். உனக்குப் பின்னால் இருக்கிறவர்களை அதற்கப்புறம்தான் தொடும். ஆகவே கிண்டியை மேலே எழுதியதால் தூத்துக்குடி கைநழுவாது. தூத்துக்குடியை மேலே எழுதினால்தான், கிண்டியில் இடம் இருந்தும் கம்ப்யூட்டர் அங்கே போகாது.

பஸ்ஸில் சொன்னவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர் சொன்ன மாதிரி நடந்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பள்ளிக்கூடச் சேர்க்கையில், ஒரு பள்ளியை முதலாவதாக எழுதியவர்களுக்கே அங்கே முன்னுரிமை கொடுத்தார்கள். பெரிய பள்ளிக்கு ஆசைப்பட்டு எழுதிய பிள்ளை, அது கிடைக்காமல் இரண்டாவதற்கு வரும்போது அங்கேயும் இடம் தீர்ந்திருக்கும். பெற்றோர் மனசுக்குப் பிடித்ததை மறைத்துப் பொய் வரிசை எழுதினார்கள். பொருளாதார அறிஞர்கள் எடுத்துச் சொல்லி 2005இல் அதை மாற்றினார்கள். நம் கவுன்சிலிங்கில் அந்த வம்பு இல்லை. பிடித்த வரிசையில் எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். போன வருஷம் எந்தக் கல்லூரி எத்தனை மார்க்கில் முடிந்தது என்று பார்ப்பது, பட்டியலை எவ்வளவு நீளம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். மேலே எழுதப் பயப்படுவதற்கு இல்லை.

எந்தப் பாடம் என்பதில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போவதில்லை. எல்லாருக்கும் கம்ப்யூட்டர்தான். பக்கத்தில் சாகுபுரத்தில் இருக்கிறது பெரிய கெமிக்கல் கம்பெனி. காஸ்டிக் சோடா செய்ய உப்புதான் மூலப்பொருள். அப்பா வாருகிற உப்புக்கு மேலே இத்தனை படிப்பு இருக்கிறதே, ஏ.சி. டெக்கில் கெமிக்கல் ஒரு வரி எழுதேன் என்பேன். சிரிப்பார்கள். சரி, அவர்கள் வாழ்க்கை.

யாருக்கு எந்த சீட் என்ற முடிவு வந்ததும் ஒரு கலவரம் உண்டு. மகன் பெயருக்கு நேரே ஓ.சி. என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "எம்மா, நம்ம பி.சி. லா? சர்டிபிகேட்ட மாத்திப்புட்டாவளா?"

"பயப்படாதிய அண்ணாச்சி. உங்க பையன் பொது இடத்துலயே வாங்கிட்டான்."

நூறு இடத்தில் பி.சி.க்கு 26.5, முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி.க்கு 20, எஸ்.சி.க்கு அருந்ததியர் உள்ஒதுக்கீட்டோடு 18, எஸ்.டி.க்கு 1. மொத்தம் 69. மீதி 31 யாருக்கும் எழுதி வைத்தது இல்லை. மார்க் இருக்கிற எவரும் வரலாம். அந்த 31இல் இடம் கிடைத்தவர் சொந்தச் சாதிக்கு உரிய இடத்தை எடுப்பதில்லை, அது இன்னொரு பிள்ளைக்குப் போகும். இதைச் சொன்ன பிறகு அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வந்த இடத்தை உறுதி செய்ய நாள் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொண்டு, மேலே எழுதியது காலியானால் மாற்றச் சொல்லலாம், இது வேண்டாம், மேலே இருப்பது கிடைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். கடைசி வழியில் கையில் இருப்பதும் போகக்கூடும், அதை விளையாட்டாகத் தொடக் கூடாது. பதியும்போது கையில் இருக்கிற போன் நம்பரைக் கொடுங்கள். காயல்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி வெளிநாட்டில் இருக்கிற வாப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஓ.டி.பி. கேட்டு அவருக்குப் போன் அடித்தால் அவர் டியூட்டியில். எடுக்கிற வரை நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

மார்க் வராதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் நேரே இரண்டாம் வருஷம் பி.இ. சேரலாம். அதற்குத் தனிக் கவுன்சிலிங், காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே ஒரு தம்பி அதைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறான். டிப்ளமோ மார்க் ஷீட் ஒன்று அவனிடம் குறைகிறது. எடுத்துக்கொண்டு நாளைக்கு ஷிப்ட் முடிந்து வா என்று சொல்லியிருக்கிறேன்.